திரையில் 12 வோல்ற், சக்கரத்தில் பாதிப் பிடி: ஏ9 வீதியில் ஒரு பிக்கப் ரெயிலரின் பிறேக் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு காலையில், கிளிநொச்சியிலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் வாய்க்கால் வேலைக்காகச் சிறிய பெக்கோ இயந்திரம் ஒன்றை ரெயிலரில் ஏற்றிச் சென்ற டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், முறிகண்டி தாண்டி மாங்குளத்தை அடையும் முன்னர் ஏ9 வீதிக்குக் குறுக்காகத் திரும்பி நின்றது. பற்றைக்குள் இருந்து மாட்டுக் கூட்டமொன்று வீதிக்கு ஏறியதைக் கண்ட சாரதி பிறேக்கை அழுத்தியிருக்கிறார். அப்போது வேகம் மணிக்கு 60 கிலோமீற்றர் அளவில் இருந்ததாக அவர் சொல்கிறார். பிக்கப் வேகம் குறைந்தது. பின்னால் வந்த ரெயிலர் குறையவில்லை. அது கொளுவியின் வழியாகப் பிக்கப்பின் பின்பக்கத்தைத் தள்ள, ஈரத் தாரில் பின் ரயர்கள் பக்கவாட்டில் வழுக்கின. வண்டியும் ரெயிலரும் மடிந்து, ரெயிலரின் வலது சக்கரங்கள் தார் விளிம்பை விட்டுக் கிரவலில் இறங்கிய பின்னரே எல்லாம் ஓய்ந்தது. இயந்திரத்தைக் கட்டியிருந்த சங்கிலிகள் அறாமல் தாங்கின. ஆளுக்கோ மாட்டுக்கோ சேதமில்லை. பிக்கப்பின் பின்பக்கத் தகடு நசுங்கியது; ரெயிலரின் இழுவைத் தண்டு வளைந்தது.

வாகன மின்வேலை செய்பவன் என்ற முறையில், உரிமையாளர் அன்று மாலையே என்னை அழைத்தார். தண்டை நிமிர்த்துவதற்கு முன்னர் ஒரு வயரையும் யாரும் தொடக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு வேலையை ஏற்றுக்கொண்டேன். விபத்துக்குப் பின்னர் வாகனத்தைத் திருத்துவதில் காட்டும் அவசரத்தில் விபத்துக்கான சான்றுகள் அழிந்துபோவதை நம் பக்கத்துக் கராஜ்களில் அடிக்கடி காண்கிறோம். இங்கே அது நடக்காமல் உரிமையாளர் பார்த்துக்கொண்டதால்தான் இவ்வளவும் எழுத முடிகிறது.

பிறேக்கின் அமைப்பு

வன்னியில் ரெயிலர் என்றால் உழவு இயந்திரத்தின் பின்னால் வரும் பெட்டிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அது நெல்லும் மணலும் ஏற்றி மெதுவாகப் போவது. அதற்குத் தனிப் பிறேக் இல்லாவிட்டாலும் பெரும்பாலான வேளைகளில் சமாளித்துவிடலாம். அந்தப் பழக்கத்தோடு பிக்கப்பின் பின்னால் இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட பாரத்தைக் கட்டி 60 இல் ஓடுவதுதான் ஆபத்து. இந்த உரிமையாளர் அப்படிச் செய்யவில்லை என்பதை முதலில் சொல்லவேண்டும். மெல்பேணில் உள்ள அவருடைய தம்பி, பத்து அங்குல மின்காந்த டிரம் பிறேக் பொருத்திய இரண்டு அச்சுகளையும், பிக்கப்பின் உள்ளே பூட்டும் பிறேக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றையும் அனுப்பியிருந்தார். அவுஸ்திரேலியாவில் 750 கிலோகிராமுக்கு மேற்பட்ட ரெயிலருக்குப் பிறேக் கட்டாயம். 2,000 கிலோகிராமைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிறேக் இருக்கவேண்டும், ரெயிலர் கழன்றால் தானாகப் பிடிக்கும் அமைப்பும் வேண்டும். இயந்திரத்தோடு சேர்த்து இந்த ரெயிலரின் நிறை ஏறத்தாழ 2,400 கிலோகிராம். ஆகவே தம்பி அனுப்பிய பொருட்கள் தேவைக்குப் பொருத்தமானவையே. சட்டகத்தை ஒட்டியதும் மின்தொடுப்பைச் செய்ததும் இங்குள்ள ஒரு வேலைத்தலம்.

மின்காந்தப் பிறேக் இயங்கும் விதத்தைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போவதில் பயனில்லை. சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்குள், அதன் உட்சுவரில் அழுத்தும் பிறேக் சூ இரண்டும் காரில் உள்ளவை போலவே இருக்கும். ஆனால் எண்ணெய் அழுத்தத்துக்குப் பதிலாக, ஒரு நெம்பு தண்டின் முனையில் வட்டமான மின்காந்தம் ஒன்று தொங்கும். மின்சாரம் பாயும்போது அது சுழலும் டிரம்மின் உட்புற முகத்தைப் பற்றிக்கொண்டு, சுழற்சியோடு இழுபட்டுத் தண்டை அசைக்கும். தண்டு சூக்களை விரித்து டிரம்மில் அழுத்தும். காந்தத்தில் பாயும் மின்னோட்டம் கூடினால் பிடி கூடும், குறைந்தால் குறையும். இந்த அளவுக் காந்தம் ஒன்று 12 வோல்ற்றில் ஏறத்தாழ 3 அம்பியர் எடுக்கும். நான்கு சக்கரத்துக்கும் 12 அம்பியர் அளவில் வேண்டும்.

எவ்வளவு மின்னோட்டத்தை அனுப்புவது என்பதைத் தீர்மானிப்பதே கட்டுப்பாட்டுக் கருவியின் வேலை. பிறேக் விளக்கு எரிந்தவுடன் குறித்த நேரத்தில் படிப்படியாக வலுவைக் கூட்டிக்கொண்டு போவது ஒரு வகை. சாரதி மெதுவாக மிதித்தாலும் ஓங்கி மிதித்தாலும் அதற்கு ஒன்றுதான். இன்னொரு வகை, வண்டி எவ்வளவு கடுமையாக வேகம் குறைகிறது என்பதை உள்ளேயிருக்கும் உணரியால் அறிந்து, அதற்கு ஈடாக ரெயிலரைப் பிடிக்கும். திடீரென மாடும் நாயும் குறுக்கே வரும் நமது வீதிகளுக்கு இரண்டாம் வகைதான் ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. இங்கே அனுப்பப்பட்டிருந்ததும் அந்த வகையே. இரண்டு வகையிலும் பாரத்துக்கு ஏற்ப வலுவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் ஒன்றும், ரெயிலரின் பிறேக்கை மட்டும் கையால் இயக்கும் நெம்பு ஒன்றும் இருக்கும். ரெயிலர் பாம்பாக நெளியத் தொடங்கினால், பிக்கப்பின் பிறேக்கைத் தொடாமல் அந்த நெம்பை இழுத்தே அதை நேராக்கவேண்டும்.

ரெயிலரின் பிறேக் இல்லாமல் போனால் எவ்வளவு தூரம் கூடும் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆட்களோடு பிக்கப் 2,200 கிலோகிராம், ஈரத் தாரில் அது தனியாக விநாடிக்கு விநாடி 5 மீற்றர் வீதம் வேகம் குறையும் என்று வைத்தால், 60 இலிருந்து நிற்க ஏறத்தாழ 28 மீற்றர் போதும். அதே பிடியோடு, பிறேக்கே இல்லாத 2,400 கிலோகிராமையும் சேர்த்து நிறுத்த 58 மீற்றர் வேண்டும். கொளுவியில் விழும் பாரத்தைச் சேர்க்காத எளிய கணக்கு இது. சாரதி மாட்டைக் கண்டு காலைத் தூக்கி வைப்பதற்குள் போகும் பதினாறு, பதினேழு மீற்றரும் இதில் இல்லை. பிக்கப்பில் ஏபிஎஸ் வேலை செய்தது என்றார் சாரதி. அது உண்மையாகவே இருக்கும். ஏபிஎஸ் பிக்கப்பின் சொந்தச் சக்கரங்கள் பூட்டாமல், அதாவது சுழல்வது நின்று வழுக்காமல், பார்க்குமே தவிர, பின்னாலிருந்து தள்ளும் பாரத்தை அது நிறுத்தாது.

சோதனையில் கண்டவை

உரிமையாளர் முதலில் சொன்னது: “கருவி நல்லா வேலை செய்யுது. மிதிச்ச உடனே திரையில பதினொண்டு, பன்னிரண்டு எண்டு ஏறுது.” நான் பார்த்தபோதும் ஏறியது. ரெயிலர் பிளக்கைச் செருகியவுடன், இணைப்பு உண்டு என்பதைக் காட்டும் குறியும் தோன்றியது. இந்த இரண்டும் சேர்ந்துதான் எல்லோரையும் நம்ப வைத்தன. திரையில் தெரியும் எண், கருவி தன் வாயிலில் வெளியே விடும் அளவு. அங்கிருந்து கடைசிக் காந்தம் வரைக்கும் எட்டு ஒன்பது மீற்றர் வயரும், ஒரு சொக்கெற்றும், திரும்பி வரும் பாதையும் இருக்கின்றன. இடையில் எவ்வளவு தொலைகிறது என்பது திரைக்குத் தெரியாது. இணைப்புக் குறியோ ஒரே ஒரு காந்தம் தொடர்பில் இருந்தாலும் தோன்றிவிடும்.

ஆகவே கருவியிலிருந்து காந்தங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் நீல வயரில், மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீற்றரை மாட்டி, குமிழை உச்சத்தில் வைத்து, நெம்பை முழுதாக இழுத்துப் பார்த்தேன். 12 அல்லது 13 அம்பியர் இருக்கவேண்டிய இடத்தில் 7 அம்பியர் இருந்தது. உதவியாளை இழுவைத் தண்டின் மேல் ஏறி மிதித்து ஆட்டச் சொன்னபோது அது 4 வரை விழுந்து மீண்டும் ஏறியது. நின்ற இடத்திலேயே இப்படியென்றால், கிரவல் வீதியில் குலுங்கும்போது எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்த ஆட்டம்தான் முதல் விடையைக் காட்டிக் கொடுத்தது. ரெயிலரின் வெள்ளை வயர், அதாவது மின்னோட்டம் பற்றரிக்குத் திரும்பும் வயர், பிக்கப்பின் சொக்கெற்றில் எங்கும் இணைக்கப்படவில்லை. ரெயிலர் பக்கத்திலும் அது வண்ணம் பூசிய சட்டகத்தில் ஓர் ஆணியால் இறுக்கப்பட்டிருந்தது. எனவே நான்கு பிறேக்கினதும் மின்னோட்டம் முழுவதும் இழுவைப் பந்தின், அதாவது கொளுவி மாட்டும் இரும்பு உருண்டையின், வழியாகவே திரும்பிக்கொண்டிருந்தது. பந்துக்குக் கிரீஸ் பூசுவது முறையான பராமரிப்பு. ஆனால் கிரீஸும் துருவும் சேர்ந்த அந்த முகம் மின்சாரத்துக்கு நம்பத்தக்க பாதையன்று. இது ஏன் முன்னரே பிடிபடவில்லை என்றால், ரெயிலரின் பின்விளக்குகள் எல்லாம் எல்இடி. அவை எடுக்கும் மின்னோட்டம் மிகச் சிறியது. ஆகவே அந்த மோசமான பாதையிலும் பளிச்சென்று எரிந்தன. விளக்கு நன்றாக எரிவதைப் பார்த்து மின்தொடுப்பு நன்று என்று முடிவு கட்டுவது, பிறேக்கைப் பொறுத்தவரை பெரும் தவறு.

இரண்டாவது, நீல வயர். சமிக்ஞை விளக்குக்குப் போடும் 0.75 சதுர மில்லிமீற்றர் வயரையே பிறேக்குக்கும் இழுத்திருந்தார்கள். ஒன்பது மீற்றர் நீளத்தில் அதன் தடை ஏறத்தாழ 0.2 ஓம். கேட்கும்போது ஒன்றுமில்லாத எண் போலத் தோன்றும். ஆனால் 12 அம்பியர் பாயும்போது அந்த வயரிலேயே இரண்டரை வோல்ற் தொலைந்துபோகும். அதே நீளத்தில் 4 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரென்றால் அரை வோல்ற்றோடு முடிந்துவிடும். காந்தத்தின் முனையில் நேரடியாக அளந்தபோது, திரையில் 12 காட்டிய அதே கணத்தில் எனக்குக் கிடைத்தது 7.5 வோல்ற்.

வலது பின் சக்கரத்தின் காந்தத்துக்குப் போகும் வயர் அச்சின் விளிம்பில் உரசி அறுந்திருந்தது. மூன்று சக்கரம்தான் ஏதோ பிடித்திருக்கிறது. அந்த மூன்றிலும் சூக்கள் ஒருமுறையேனும் சீராக்கப்பட்டதாகத் தெரியவில்லை. சூவுக்கும் டிரம்முக்கும் இடையில் வெளி அதிகமாக இருந்ததால், காந்தம் நெம்பு தண்டைத் தன்னால் முடிந்த மட்டும் இழுத்தும், சூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் முழு அழுத்தத்தோடு போய்ச் சேரவில்லை. கழற்றிப் பார்த்தபோது லைனிங்கின் நடுப்பகுதியில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு மினுக்கம் இருந்தது. மற்ற இடமெல்லாம் பெட்டியிலிருந்து எடுத்தபடி சொரசொரப்பாகவே கிடந்தது.

கருவிக்கு மின்சாரம் எடுத்திருந்த இடமும் கவனிக்கத்தக்கது. பற்றரியிலிருந்து தனி வயரும், இரண்டு அச்சுக்குப் போதுமான மின்னோட்டம் மிஞ்சினால் துண்டித்துப் பின்னர் தானே மீளும் 20 அம்பியர் தடுப்பானும் போடவேண்டியிருக்க, வானொலிக்குப் போகும் 10 அம்பியர் பியூஸிலிருந்து எடுத்திருந்தார்கள். அந்தப் பியூஸ் இத்தனை காலமும் எரியாமல் இருந்ததற்குக் காரணம், பிறேக் ஒருபோதும் தன் முழு மின்னோட்டத்தை எடுக்காததுதான். மற்றக் குறைகளை மட்டும் திருத்திவிட்டு இதை விட்டிருந்தால், ஒரு நாள் நீண்ட பிடியின்போது பியூஸ் எரிந்து, ரெயிலர் முற்றாகப் பிறேக் இல்லாமல் போயிருக்கும். ஒரு குறையைக் கண்டவுடன் தேடலை நிறுத்திவிடக்கூடாது என்று நான் மாணவர்களுக்குச் சொல்வது இத்தகைய இடங்களை மனத்தில் வைத்துத்தான்.

கருவியைப் பூட்டிய விதத்திலும் குறை இருந்தது. இருபக்க ஒட்டுநாடாவால் டாஷ்போர்ட்டின் கீழ் நெகிழும் பிளாஸ்டிக்கில், சாரதியின் இடது கைக்கு எட்டாத தூரத்தில் அது ஒட்டப்பட்டிருந்தது. வேகக் குறைவை உணரும் கருவி தானே ஆடும் தளத்தில் இருந்தால், குழியில் விழும் அதிர்வையும் பிறேக் என்று எடுத்துக்கொள்ளும். நெம்பு எட்டியிருந்தால் அன்று தப்பியிருக்கலாமா என்று சாரதி கேட்டார். இந்த மின்தொடுப்போடு தப்பியிருக்க முடியாது என்பதே என் பதில். நெம்பும் அதே மெலிந்த பாதையில்தான் அனுப்புகிறது. கழன்றால் பிடிக்கும் அமைப்பின் சிறு பற்றரியும் முற்றாக இறங்கிக் கிடந்தது, அதன் இழுகம்பியோ பிக்கப்பின் உடலில் மாட்டப்படாமல் பாதுகாப்புச் சங்கிலியில் சுற்றப்பட்டிருந்தது. ரெயிலர் கழலாததால் அது இந்த நிகழ்வில் பங்கெடுக்கவில்லை.

பாரம் ஏற்றிய விதத்துக்குப் பங்கு உண்டு. அதே இடத்தில் இயந்திரத்தை மீண்டும் ஏற்றி, நெல் நிறுக்கும் மேடைத் தராசின் மேல் இழுவைத் தண்டின் கொளுவி முனையை வைத்தபோது 130 கிலோகிராம் காட்டியது. மொத்த நிறையில் பத்து வீதமாவது, அதாவது 240 கிலோகிராம் அளவிலாவது அங்கே விழவேண்டும். பின்பாரம் கூடிய ரெயிலர் தன்னிச்சையாக நெளியும் தன்மை உடையது. தள்ளத் தொடங்கியதும் அது நேராகத் தள்ளாமல் பக்கமாகத் தள்ளியதற்கு இது உதவியிருக்கவேண்டும்.

இன்னொரு விடயத்தை உதவியாள் தானாகவே சொன்னார். அன்று முறிகண்டியில், எல்லா வாகனங்களையும் போலவே இவர்களும் நிறுத்திப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருக்கிறார்கள். புறப்படும் முன்னர் அவர் குனிந்து ரெயிலர் சக்கரங்களின் நடுப்பகுதியான ஹப் நான்கையும் தொட்டுப் பார்த்து, “அண்ணை, நாலும் குளிராத்தான் இருக்கு, பிரச்சினை இல்லை” என்று சாரதியிடம் சொல்லியிருக்கிறார். பெயரிங் சூடேறவில்லை என்பதை அறிய அது நல்ல பழக்கம், விடவேண்டியதில்லை. ஆனால் கிளிநொச்சி நகரத்து நெரிசலில் பலமுறை பிறேக் பிடித்து வந்த பாரமுள்ள ரெயிலரின் டிரம்கள் இளஞ்சூடாக இருந்தே ஆகவேண்டும். நான்கும் குளிர்ந்திருந்தால் நான்கும் வேலை செய்யவில்லை என்று பொருள். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்த ஒன்றைப் பார்க்கவேண்டும். முறிகண்டியில் எப்படியும் நிற்கத்தான் போகிறோம். கருவிகள் எதுவும் இல்லாத சாரதி ஒருவர் ரெயிலர் பிறேக்கைச் சோதிக்க அதைவிட நல்ல இடம் ஏ9 இல் இல்லை.

திருத்தமும் மறு சோதனையும்

நீலம், வெள்ளை இரண்டுக்கும் பற்றரி முதல் அச்சு வரை 4 சதுர மில்லிமீற்றர் வயர் இழுத்து, திரும்பும் பாதையைப் பந்தில் விடாமல் சொக்கெற்றின் முள் வழியாகவே கொண்டுவந்தோம். இணைப்புகளை முறுக்கி நாடா சுற்றும் வேலைக்கு இடமே கொடுக்கவில்லை. அழுத்தி இணைத்து, பசை உள்ள சுருங்கு குழாயால் மூடினோம். கருவி இரும்புத் தாங்கியில் ஆணியால் இறுக்கப்பட்டுச் சாரதியின் இடது கைக்கு அருகில் வந்தது. சூக்களை, சக்கரம் கையால் சுற்றக் கடினமாகும் வரை விரித்து, பின்னர் இலேசான உரசலோடு சுழலும் அளவுக்குத் தளர்த்தினோம். மறுபடி அளந்தபோது 13 அம்பியர்; காந்த முனையில் 10.5 வோல்ற். இழுவைத் தண்டில் ஏறி ஆட்டியபோதும் அளவு மாறவில்லை.

அதன் பின்னரும் லைனிங் படிய வேண்டியிருந்தது. 60, 65 இல் ஓட்டி நெம்பால் மட்டும் 30 அளவுக்குக் குறைத்து, ஆறவிட்டு, மீண்டும் செய்வதை இருபது முப்பது தடவை செய்தால்தான் புதிய லைனிங் டிரம்மோடு முழுமையாகப் பொருந்தும். வாகனம் குறைந்த விடியற்காலையில் அதைச் செய்து முடித்த பின்னரே வலுக் குமிழை அமைத்தோம். காய்ந்த சமதள வீதியில் 40 இல் போகும்போது நெம்பை முழுதாக இழுத்தால், சக்கரம் பூட்டும் நிலைக்குச் சற்று முன்னால் பிடி நிற்கவேண்டும். முன்னர் உச்சத்தில் வைத்தும் பூட்டாத சக்கரங்கள், இப்போது குமிழின் பாதிக்குச் சற்று மேலேயே பூட்டின. உச்சத்தில் வைத்தும் பூட்டவில்லை என்பதே பழைய அமைப்பு பழுது என்பதற்குப் போதிய அறிகுறியாக இருந்தது. வெறும் ரெயிலருக்கும், கிரவலுக்கும், மழைக்கும் குமிழைக் குறைத்தே வைக்கவேண்டும். இல்லையேல் பூட்டிய சக்கரங்கள் வழுக்கி ரெயிலரே குறுக்கே வரும். வெறும் ரெயிலருக்கான இடத்தையும் பாரத்துக்கான இடத்தையும் குமிழின் ஓரத்தில் வண்ணப் பொட்டால் குறித்தோம். ரெயிலரின் தளத்தில் பெக்கோ நிற்கவேண்டிய இடத்துக்கு இரும்புத் தடை ஒன்றும் ஒட்டப்பட்டது. இப்போது தராசு காட்டுவது 250.

அயலவர்கள் இந்த ரெயிலரை இரவல் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள், கொடுக்கலாமா என்று உரிமையாளர் கேட்டார். கட்டுப்பாட்டுக் கருவி இல்லாத பிக்கப்பின் பின்னால் இது பிறேக் இல்லாத 2,400 கிலோகிராம்தான்; எனவே கொடுக்கக்கூடாது என்றேன். பல வாகனங்களில் மாறி மாறி இழுக்கப்படும் ரெயிலர்களுக்கு, கொளுவியில் ஏற்படும் தள்ளு விசையாலேயே பிறேக்கை இயக்கும் அமைப்பைப் பரிந்துரைப்பேன். அதற்கு இழுக்கும் வாகனத்தில் கருவியோ வயரோ தேவையில்லை. ஐரோப்பாவில் 3,500 கிலோகிராம் வரையான ரெயிலர்களில் அதுவே பரவலாக உள்ளது. கமக்காரர் அமைப்போ வாடகைக்கு விடுபவரோ புதிதாக ரெயிலர் செய்வதென்றால் அதைத்தான் தேடவேண்டும். ஒரே பிக்கப்போடு ஒரே ரெயிலர் என்று நிலைத்திருக்கும் இவருக்கு மின்காந்தப் பிறேக்கே மேல். பாரத்துக்கேற்ப அளவிடவும், நெளியும்போது ரெயிலரை மட்டும் பிடிக்கவும் அதில்தான் முடியும்.

முதல் 300 கிலோமீற்றருக்குப் பின்னர் சூக்களை மீண்டும் சீராக்கவேண்டும் என்பதால் ரெயிலர் திரும்ப வந்தது. சூக்கள் சிறிது தேய்ந்து இடம் கொடுத்திருந்தன, மின்னோட்டத்தில் மாற்றமில்லை. ஆனால் இடது முன் டிரம்முக்குள் செம்மண் சேறு காய்ந்து கிடந்தது. டிரம்மின் பின்பக்கத்தை மூடும் தகட்டிலுள்ள சீராக்கும் துளைகளின் ரப்பர் அடைப்புகளை ஒட்டுவேலையின்போது கழற்றியவர்கள் திரும்பப் போடவில்லை. வாய்க்கால் கரையில் நிற்கும் ரெயிலருக்கு அது பொருந்தாது. நான்கு சக்கரத்துக்கும் அடைப்புகள் வாங்கிப் போட்டிருக்கிறோம். நீர் கடந்த பின்னர் நெம்பை இலேசாக இழுத்தபடி சிறிது தூரம் ஓட்டி லைனிங்கை உலர்த்தும்படி சாரதிக்குச் சொல்லியிருக்கிறேன். அடுத்த சீராக்கம் காலபோக அறுவடைக்கு முன்னர்.